கொடுத்தவர் கடவுள் என்றால், மறுபடியும் எதற்கு?

கண்டியிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இன்று மேலோங்கி நிற்கும் கருத்து இது: மனிதன் முதலில் தன் பாவத்தை உணர வேண்டும், மனந்திரும்பி, இயேசுவை ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானிக்க வேண்டும், தீர்மானித்த அன்றே அவன் இரட்சிக்கப்பட்டுவிடுகிறான். பிறகு அதை ஊரறியச் சாட்சி சொல்வதற்காக ஆற்றிலோ தொட்டியிலோ முழுகி எழ வேண்டும். ஆகவே விவரம் தெரியாத கைக்குழந்தையின் தலையில் ஊற்றிய நீர் ஞானஸ்நானமே ஆகாது. பெயர் வைக்கும் சடங்கு, அவ்வளவுதான். அப்படி நீர் ஊற்றப்பட்டவர் எத்தனை வருடம் கோயிலுக்குப் போயிருந்தாலும், அவர் இனித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதைச் சொன்னவர்கள் பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேக்காரரும்தான். பாப்டிஸ்டு மிஷனரிகள் 1812இலேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் முன்னோடியான அன்னா லெவினி 1919இல் டென்மார்க்கிலிருந்து வந்தார். 1924இல் போதகர் பவுல் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். இன்று நிலைமை வேறு. அங்கிலிக்கன், மெதடிஸ்த குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, "அப்ப எனக்கு என்ன விளங்கியிருக்கும்? அது அம்மா அப்பா செஞ்சதுதானே" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்குச் சரியான பதிலைக் கோயிலில் கேட்காததால், அடுத்த சந்தியில் உள்ள சபைக்குப் போய் மறுபடியும் முழுகிவிடுகிறார்கள்.

அந்தப் பதிலை லுத்தரன் விசுவாசத்தின் பக்கம் நின்று சொல்லிப் பார்க்கிறேன். இலங்கையில் லுத்தரன்கள் சிறு தொகையினர்; கண்டியின் பெரிய கோயில்கள் எவையும் அவர்களுடையவை அல்ல. ஆனால் இரட்சிப்பையும் ஞானஸ்நானத்தையும் பற்றிய இந்தக் கேள்வியில், அடிவேர்வரை தோண்டிப் பார்த்தவர் மார்ட்டின் லுத்தர்.

செய்பவர் யார்?

முழு வாதமும் ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது. ஞானஸ்நானத்தில் செயல்படுபவர் யார்? மனிதனா, கடவுளா?

மனிதன் என்றால் எதிர்த்தரப்பு சொல்வது முழுக்கச் சரி. தன் விசுவாசத்தை அறிக்கையிடுவதற்கு முதலில் விசுவாசம் வேண்டும்; அதைச் சொல்ல வாய் வேண்டும்; சொல்வது விளங்கும் வயது வேண்டும். கைக்குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

ஆனால் வேதம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும் இடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். தீத்து 3:5 அதை மறுபிறப்பின் முழுக்கு என்கிறது. நம் நற்செயல்களைப் பாராமல் தம் இரக்கத்தினாலேயே கடவுள் அதைச் செய்தார் என்கிறது. ரோமர் 6 அதில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுகிறோம் என்கிறது. தன்னைத் தானே அடக்கம் செய்துகொண்ட பிணம் உலகில் இல்லை. அப்போஸ்தலர் 2:38 பாவமன்னிப்பையும் பரிசுத்த ஆவியையும் ஞானஸ்நானத்தோடு சேர்த்தே வாக்களிக்கிறது. நல்மனச்சாட்சியைப் பற்றிப் பேசும் 1 பேதுரு 3:21ஐ எதிர்த்தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும். அதே வசனம் ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்வதை மட்டும் அது தாண்டிப் போய்விடும்.

இரட்சிப்பு சம்பாதிக்கப்பட்ட இடம் சிலுவை. அதில் லுத்தரனுக்கும் பெந்தெகொஸ்தேக்காரருக்கும் சண்டை இல்லை. சம்பாதிக்கப்பட்டது என் கைக்கு வந்து சேர்வது எப்படி என்பதில்தான் பிரச்சினை. என் தீர்மானத்தின் வழியாக என்கிறது ஒரு தரப்பு. பிரசங்கிக்கப்படும் வார்த்தை, ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றின் வழியாகக் கடவுளே கொண்டுவந்து தருகிறார் என்கிறது லுத்தரன் தரப்பு. விசுவாசம் அதை வாங்கிக்கொள்ளும் கை. அந்தக் கையையும் பரிசுத்த ஆவியே உண்டாக்குகிறார். 1529இல் வெளிவந்த லுத்தரின் சிறு ஞானோபதேசமும் 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் இந்த ஒரே நிலையில் நிற்கின்றன. அந்த ஞானோபதேசத்தைத் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தமிழாக்கினார். எனவே தமிழருக்கு இந்தப் போதனை நேற்று முளைத்த ஒன்றல்ல.

தீர்மானத்தின் மேல் கட்டிய வீடு

தீர்மானத்தை அஸ்திவாரமாக்கினால் என்ன ஆகும்? கூட்டத்தில் கையை உயர்த்தியவர், சில வருடம் கழித்து மறுபடியும் பாவத்தில் விழுகிறார். அப்போது அவருக்கு வரும் முதல் சந்தேகம், "அன்றைக்கு நான் உண்மையாகத்தான் மனந்திரும்பினேனா?" என்பது. பிரசங்கியாரும் அதையே கேட்பார். விழுந்தவர் மறுபடியும் முன்னே வருவார், மறுபடியும் அழுவார். சிலர் மறுபடியும் முழுகவும் செய்வார்கள். இரட்சிப்பின் நிச்சயத்தைத் தரும் என்று சொல்லப்பட்ட தீர்மானம், தன்னைத் தானே சோதித்துக்கொண்டே இருக்கும் நோயாக மாறிவிடுகிறது. 'கிருபையினால் மட்டும்' என்று மேடையில் முழங்கிவிட்டு, அந்தக் கிருபைக்கு என் உண்மைத்தன்மையை விலையாகக் கேட்பது கிருபையா? பழைய புண்ணியக் கணக்கு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை.

மலையக மக்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிடம் என்ன கேட்டது? அப்பா இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி; இல்லையேல் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி. லயத்தில் பிறந்த எவரிடம் அந்தக் காகிதம் இருந்தது? உழைத்து உருவாக்கிய நாட்டிலேயே நாடற்றவர்களாக நின்றார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அந்தக் கதை முடியவில்லை. அத்தாட்சி காட்டச் சொல்லும் அதே கதவைக் கடவுளுடைய வீட்டுக்கும் போட்டு, "இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல், அனுபவத்தைச் சொல்" என்று கேட்கிறது தீர்மான இறையியல். ஞானஸ்நானம் அந்தக் கேள்வியையே தள்ளிவிடுகிறது. அங்கே பெயர் சொல்லி அழைத்தவர் கடவுள். பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு காகிதமும் கேட்கப்படவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எப்போது தீர்மானிக்கும்? ஞாபகம் முழுக்கப் போய், பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் கட்டிலில் கிடக்கும் பாட்டி, தன் தீர்மானத்தை எங்கே தேடுவாள்? 'அவர்களுக்குக் கடவுள் விதிவிலக்குத் தருவார்' என்பார்கள். லுத்தரன் பதில் இன்னும் நேரானது: விதிவிலக்கு தேவையில்லை, அதே விதிதான். கிருபை எல்லாராலும் வெறுங்கையோடுதான் வாங்கிக்கொள்ளப்படுகிறது. கைக்குழந்தை அதற்கு மிகத் தெளிவான உதாரணம்.

அவர்கள் எடுத்துக்காட்டும் வசனங்கள்

முதலாவது மாற்கு 16:16. விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு என்று வரிசை இருக்கிறதாம். வரிசைதான் சட்டம் என்றால் மத்தேயு 28இல் ஞானஸ்நானம் முன்னும் உபதேசம் பின்னும் வருகிறதே! வசனத்தின் வரிசையை நாட்காட்டியாக்கினால் இரண்டும் மோதும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதே இரண்டு இடங்களும் சொல்வது. முதன்முறை சுவிசேஷம் கேட்கும் வளர்ந்தவருக்கு உபதேசம் முந்தும். 1707 மே மாதம் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் கொடுத்த முதல் ஞானஸ்நானத்தைப் பெற்ற ஐந்து அடிமைகளும் அப்படிக் கற்பிக்கப்பட்டவர்கள்தான். விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு உபதேசம் பிந்தும்.

இரண்டாவது, அப்போஸ்தலர் 19. எபேசுவில் சீஷர் சிலர் பவுலிடம் மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார்களே என்பார்கள். அவர்கள் முன்பு பெற்றது யோவானின் ஞானஸ்நானம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் பெற்றதை யாரும் அங்கே திரும்பச் செய்யவில்லை.

இதற்கு எதிராக அப்போஸ்தலர் 8இல் உள்ள சீமோனை அவர்கள் பேசுவதேயில்லை. மாயவித்தைக்காரனான அவன் வளர்ந்தவன், விசுவாசித்தான், ஞானஸ்நானமும் பெற்றான். எதிர்த்தரப்பு கேட்கும் எல்லாத் தகுதியும் இருந்தது. பிறகு காசு கொடுத்துப் பரிசுத்த ஆவியின் வல்லமையை வாங்கப் பார்த்தான். அவன் இருதயம் செம்மையாக இல்லை என்று பேதுருவே கண்டித்தார். அடுத்து என்ன செய்யச் சொன்னார்? மனந்திரும்பி மன்றாடச் சொன்னார். 'உன் தீர்மானம் பொய், திரும்பவும் தண்ணீருக்கு வா' என்று சொல்லவில்லை. ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்பதைப் பெறுகிறவனின் மனநிலை நிர்ணயிப்பதாக இருந்திருந்தால், மறு ஞானஸ்நானத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் புதிய ஏற்பாட்டில் இல்லை.

மூன்றாவது, சிலுவையில் இருந்த கள்ளன். ஞானஸ்நானமே இல்லாமல் பரதீசுக்குப் போனானே? போனான். வாக்குறுதியை நேரே அதைத் தருகிறவரின் வாயிலிருந்தே கேட்டான். ஞானஸ்நானம் கிடைக்காமல் போவது வேறு, கிடைத்ததை அற்பமாக எண்ணுவது வேறு. பிறக்குமுன்பே பிள்ளையை இழந்த தாய்மாருக்கு ஆறுதலாக லுத்தர் 1542இல் ஒரு சிறு நூலே எழுதினார். கடவுளைச் சடங்குக்குள் கட்டிப்போடுகிறவர் அதை எழுதியிருக்க முடியாது.

குழந்தைகள் என்று பெயர் சொல்லிப் புதிய ஏற்பாடு எங்கும் சொல்லவில்லையே என்பது மிச்சமிருக்கும் கேள்வி. உண்மை, சொல்லவில்லை. லீதியாளின் வீட்டாரும் பிலிப்பிச் சிறைக்காவலனின் வீட்டாரும் முழுவதுமாக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றுதான் சொல்கிறது. வயதுப் பட்டியல் கொடுக்கவில்லை. வாக்குறுதி உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதை, வீடு முழுவதும் ஒரே விசுவாசத்தில் வாழ்ந்த அந்தக் காலத்தவர் எப்படிக் கேட்டிருப்பார்கள்? ஏறத்தாழ கி.பி. 200இல் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் பிள்ளைகளுக்குத் தாமதித்துக் கொடுக்கும்படி ஆலோசனை சொன்னார். கொடுக்கும் வழக்கம் அப்போதே இருந்ததால்தான் அந்த ஆலோசனைக்கு இடம் வந்தது. 253ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியனும் அவரோடு கூடிய ஆயர்களும் பிறந்த எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதினார்கள். இது ஏதோ ரோமச் சக்கரவர்த்தி பிற்காலத்தில் திணித்தது என்ற பேச்சு வரலாற்றில் நிற்காது.

தண்ணீரின் அளவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முழுவதும் முழுக்குவது அடையாளத்துக்கு மிகப் பொருத்தம் என்று லுத்தரே 1519இல் எழுதினார். ஓடும் நீரோ வேறு நீரோ போதாதென்றால் தலையில் மூன்று தரம் ஊற்றலாம் என்று ஆதித் திருச்சபையின் போதனை நூலான திதாகே அனுமதித்தது. மகாவலியில் முழுகினாலும் சரி, கிண்ணத்து நீரானாலும் சரி. நீரோடு வாக்குறுதி சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

கண்டியின் சாட்சி

எதிர்த்தரப்பிடம் வரலாற்றிலிருந்து ஒரு பலமான வாதம் உண்டு. ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே உத்தியோகம் கிடைத்தது. பிள்ளைகளின் பெயர்கள் தோம்பு என்ற கோயில் பதிவேட்டில் ஏறின. 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்தக் கிறிஸ்தவம் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது. சடங்கு ஞானஸ்நானத்தின் முடிவு இதுதான் என்பார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்கள் கைக்குழந்தைகள் அல்லர். விவரம் தெரிந்த வளர்ந்தவர்கள், தாங்களே தீர்மானித்து வந்தார்கள். அங்கே பொய்த்தது மனிதனின் தீர்மானம். அதே தீர்மானத்தை அஸ்திவாரமாக்கச் சொல்வதற்கு ஒல்லாந்தர் காலம் எப்படி ஆதாரமாகும்? அந்த ஆட்சி தந்த பாடம் வேறு: உபதேசம் இல்லாமல், அரச லாபத்துக்காக ஞானஸ்நானத்தை வாரி இறைக்காதே என்பது. அதை லுத்தரன்களும் ஏற்கிறோம்.

அதே காலத்தில் மலைநாட்டுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1658இல் போர்த்துக்கேயரைத் துரத்திய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தார்கள். கத்தோலிக்க மக்கள் பலர் கண்டி இராச்சியத்துக்குள் அடைக்கலம் தேடினார்கள். 1687இல் யோசப் வாஸ் அடிகள் இலங்கையில் கால்வைக்கும்வரை, ஏறத்தாழ முப்பது வருடம், கத்தோலிக்கர் குருக்கள் இல்லாமல் வாழ்ந்தார்கள். 1692இல் அவர் கண்டிக்கு வந்தார். ஒற்றன் என்று சிறைப்பட்டார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் வந்தபோது, மேய்ப்பன் இல்லாமல் அத்தனை காலம் இருந்தும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று அறிந்திருந்த மக்களைக் கண்டார். அவர்களை அடையாளப்படுத்தியது எது? ஆலயம் இல்லை, குரு இல்லை, எழுப்புதல் கூட்டம் இல்லை. பெற்ற ஞானஸ்நானமும் வீட்டில் கற்ற ஜெபமும் இருந்தன. கத்தோலிக்கருடைய கதையை லுத்தரன் ஏன் சொல்கிறான் என்று கேட்கலாம். லுத்தரே 1483 நவம்பர் 11இல், பிறந்த மறுநாள், ஐஸ்லேபனில் கத்தோலிக்கக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர். ரோமாபுரியோடு முறித்துக்கொண்ட பிறகும் அவர் மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மறு ஞானஸ்நானத்தை எதிர்த்து 1528இல் எழுதியபோது, கொடுத்தவரின் குறையால் கடவுளின் கொடை கெடாது என்பதையே வலியுறுத்தினார்.

நம் முன்னோர் கதையும் இருக்கிறது. 1854இல் அங்கிலிக்கருடைய தமிழ்க் கூலி மிஷன் கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் பணி தொடங்கியது. உபதேசிமார் லயம் லயமாக நடந்தார்கள். அன்று ஞானஸ்நானம் பெற்றவர்களின் சந்ததியார் இன்று இந்தக் கோயில்களில் இருக்கிறார்கள். துரையும் கங்காணியும் பேரேட்டில் ஒரு தலையாக எண்ணிய குழந்தையை, திரியேக தேவனின் பெயரில் பிள்ளை என்று அழைத்த இடம் அந்த ஞானஸ்நானத் தொட்டி. அதை ஒரே வார்த்தையில் செல்லாது என்று தள்ளுவதற்கு எந்தப் பிரசங்கியாருக்கும் அதிகாரம் இல்லை.

எல்லை மீறாமல்

லுத்தரன்களும் தலைகுனிய வேண்டிய பக்கம் ஒன்று உண்டு. 1525இல் சூரிச்சில் மறு ஞானஸ்நானம் தொடங்கியது. 1527இல் அதன் தலைவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் அதே நகரத்து ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அது சீர்திருத்தவாதி சுவிங்லியின் நகரம், லுத்தரன் நகரம் அல்ல. ஆனால் 1529இன் ஸ்பையர் ஆணை மறு ஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை விதித்தபோது, லுத்தரன் ஆட்சியாளரும் இறையியலாளரும் துணை நின்றார்கள். 2010இல் ஸ்டுட்கார்ட்டில் உலக லுத்தரன் பேரவை அவர்கள் வழிவந்த மெனோனைட் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டது. மதமாற்றத் தடை மசோதா 2004இல் நாடாளுமன்றத்துக்கு வந்த நாடு இது. சுயாதீன சபைகளின் கூட்டங்கள் கல்லெறியைக் கண்ட நாடு இது. அவர்கள் முழுகும் உரிமையை நான் பாதுகாப்பேன். அவர்கள் போதனையைத்தான் மறுக்கிறேன். பிலிமத்தலாவவில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். வாதம் அப்படி ஒரே மேசையில் நடக்க வேண்டியது. ஞானஸ்நானம் திரும்பச் செய்யப்படாதது என்று 1982இன் லீமா ஆவணமும் பல சபைகளின் சார்பில் சொல்லியிருக்கிறது.

குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளுக்கும் ஒரு கண்டனம் இருக்கிறது. 'ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று, இனிப் பயமில்லை' என்று விட்டுவிடுவது லுத்தரன் போதனை அல்ல. ஞானஸ்நானம் விசுவாசத்தின் மேல் நிற்பதில்லை. ஆனால் விசுவாசமில்லாதவனுக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் லுத்தர் அதே மூச்சில் சொன்னார். பழைய மனிதன் தினமும் சாக வேண்டும், புதிய மனிதன் தினமும் எழும்ப வேண்டும். மனந்திரும்புதல் என்பது ஞானஸ்நானத்துக்குத் தினமும் திரும்பி வருவது. புகைப்படத்துக்கும் விருந்துக்கும் மட்டும் ஞானஸ்நானம் நடத்தி, ஞானப்பெற்றோர் யாரென்றே பிள்ளைக்குத் தெரியாமல் வளர்த்து, திடப்படுத்தல் வகுப்பைச் சில வாரங்களில் முடித்து அனுப்புகிற சபை, தன் பிள்ளைகள் வேறிடத்தில் முழுகுவதைப் பார்த்துப் புலம்ப உரிமை இழந்துவிட்டது.

ஏற்கெனவே இரண்டாவது தடவை முழுகிவிட்டவர்களுக்கு என் வார்த்தை இது: உங்களைக் கோயிலை விட்டுத் தள்ள வேண்டியதில்லை. உங்களை இரட்சித்தது முதலாவதில் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. அது அன்றும் செல்லுபடியாகியிருந்தது, இன்றும் ஆகும். இன்னும் முழுகாமல் தடுமாறிக்கொண்டிருப்பவர்களுக்கு: 'நீ எப்போது இரட்சிக்கப்பட்டாய்?' என்று யாராவது கேட்டால் உங்கள் ஞானஸ்நான நாளைச் சொல்லுங்கள். அந்தத் தேதி தெரியாவிட்டால் இந்த ஞாயிறே குருவானவரிடம் போய்க் கோயில் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் பெயருக்கு நேரே எழுதியிருப்பதே போதும். அதை நம்புங்கள், ஒவ்வொரு நாளும் அதில் வாழுங்கள், உங்கள் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.